பழைய போர்ஷே 944 டர்போ: நீங்களே பிரிப்பதா, கடையில் விடுவதா, வேறு எஞ்சின் வாங்குவதா?

வண்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு இசைந்து திறந்து மூடவைக்கும் பெல்ட்) எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் அடியில் 'டொக்' என்று ஒரு தட்டல். எஞ்சினுக்குக் கீழே தரையில் ஆயில் வட்டம். இந்த வருடம் மட்டும் மூன்று பேர் இதே நிலைமையில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நானே பிரிக்கலாமா, கடையில் விடட்டுமா, இல்லை ஓடுகிற எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாமா?

கனடாவின் ஒன்டாரியோவில் 1987 மாடல் 944 டர்போ ஒன்றைப் பதினொரு வருடமாக வைத்திருக்கிறேன். பெல்ட் வேலையை மூன்று முறை நானே செய்திருக்கிறேன், கிளட்ச்சைக் கடையில் விட்டிருக்கிறேன், நண்பர் ஒருவர் எஞ்சின் மாற்றியபோது கூடவே நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 944 டர்போ 1985-ல் வெளிவந்தது, 1991-ல் நின்றது. மொத்தம் ஏறத்தாழ 25,000 வண்டிகள், பெரும்பாலானவை ஜெர்மனியின் நெக்கர்சுல்மில் உள்ள ஆடி ஆலையில் கட்டப்பட்டவை. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், கே26 டர்போ, 220 குதிரைசக்தி. 1988-ல் வந்த டர்போ எஸ்-க்கு 250. இருப்பதிலேயே இளைய வண்டிக்குக்கூட இன்றைக்கு முப்பது வயது எப்போதோ தாண்டிவிட்டது. இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் உறை இவைதான் செத்துப் போயிருக்கும். வரும் வேலைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகின்றன.

## எதை வைத்து முடிவு செய்வது

"உங்களுக்கு மெக்கானிக் வேலை தெரியுமா" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் மிச்சத்தைப் படித்துக்கொள்ளலாம். நான் பார்ப்பவை இவை:

தவறினால் என்ன உடையும்? வேக்குவம் ஹோஸை மாற்றி மாட்டினால் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறாது, அவ்வளவுதான். பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினால் வால்வு பிஸ்டனில் மோதலாம். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும், தப்பாது.

செய்த தவறை ஸ்டார்ட் பண்ணும் முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? என் கணக்கில் இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஆபத்தான வேலையாக இருந்தாலும், சாவியைத் திருப்பும் முன் சரிபார்க்க முடியுமானால் வீட்டில் செய்யலாம். சின்ன வேலையாகத் தெரிந்தாலும், ஓடின பிறகுதான் தெரியும் என்றால் யோசிக்க வேண்டும்.

கருவியும் இடமும். ஏறத்தாழ 1,300 கிலோ வண்டிக்குக் கீழே படுக்கப் போகிறீர்கள். சமதளமான கான்கிரீட் தரை, நான்கு நல்ல ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்). இவை இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது. தார் போட்ட டிரைவ்வேயில் ஸ்டாண்ட் புதைந்து சாயும். அங்கே வேண்டவே வேண்டாம்.

வண்டி எத்தனை நாள் நிற்கலாம்? இங்கே பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்த வண்டியை யாரும் வெளியே எடுப்பதில்லை. அந்த ஐந்து மாதம் வீட்டில் வேலை செய்பவருக்குக் கிடைத்த வரம். தினமும் வேலைக்குப் போக இந்த ஒரே வண்டிதான் என்றால் கணக்கே வேறு.

கையில் என்ன ஆதாரம் மிஞ்சும்? நாளைக்கு விற்கும்போது கடை பில்லுக்கு மதிப்பு உண்டு. நீங்களே செய்ததற்கும் மதிப்பு உண்டு, ஆனால் தேதி, கிலோமீட்டர், பாகங்களின் ரசீது, படங்கள் எல்லாம் இருந்தால் மட்டும்.

## நீங்களே செய்வது

பெல்ட் வேலையையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு மிக நன்றாகப் பதில் தருவதும் இதுதான்.

முன்பக்கம் இரண்டு பெல்ட். ஒன்று கேம்ஷாஃப்டைச் சுற்றுவது, இன்னொன்று இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்களைச் சுற்றுவது. நான்கு சிலிண்டர் எஞ்சின் இவ்வளவு அதிர்வில்லாமல் ஓடுவதற்கு அந்த ஷாஃப்ட்கள்தான் காரணம், போர்ஷே அதை மிட்சுபிஷியிடம் லைசென்ஸ் வாங்கிச் செய்தது. ஃப்ளைவீலில் டாப் டெட் சென்டரை (முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) காட்டும் கோட்டை, அதை மூடியிருக்கும் பெல்ஹவுசிங்கில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் எடுத்தால் கேம் சக்கரத்தின் குறி தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் நேராக நிற்க வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்ட் சக்கரங்களுக்கும் பின்கவரில் குறி உண்டு. சீல் மாற்றுவதற்காக அந்தச் சக்கரங்களைக் கழற்றினால் ஒன்றைக் கவனியுங்கள்: மேல் ஷாஃப்டுக்கும் கீழ் ஷாஃப்டுக்கும் சாவிப்பள்ளம் வேறு வேறு. ஜெர்மனில் 'மேல்', 'கீழ்' என்பதன் முதலெழுத்துகளைச் சக்கரத்திலேயே பொறித்திருப்பார்கள். மாறிப் போனால் எஞ்சின் உடையாது, ஆனால் ஸ்டீயரிங் கையில் துடிக்கும்.

எல்லாம் மாட்டி, இழுப்பு வைத்தாயிற்று. ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ரெஞ்சைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மெதுவாக. எங்காவது இரும்பு முட்டினது போல் கை நின்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கவே கூடாது. இரண்டு சுற்று முடிந்து குறிகள் திரும்பவும் சேர்ந்து நின்றால் வால்வுகளுக்கு ஆபத்தில்லை என்று சாவியைத் தொடும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். முதல் தடவை நான் ஆறு சுற்று சுற்றினேன். தப்பில்லை, நீங்களும் சுற்றுங்கள்.

நேரம்: முதல் தடவை எனக்கு 22 மணி நேரம், மூன்று வாரக் கடைசிகள். மூன்றாவது தடவை 9 மணி நேரம்.

மறைந்திருக்கும் செலவு பாகங்களில் இல்லை, கருவிகளில் இருக்கிறது. கிராங்க் போல்ட்டை 210 நியூட்டன் மீட்டரில் முறுக்க வேண்டும். அதற்கு ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்தும் பூட்டு வேண்டும், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டுவது. பெல்ட்டின் இழுப்பை அளக்க கேஜ் வேண்டும். 1987-லிருந்து வந்த எஞ்சின்களில் கேம் பெல்ட்டுக்கு ஸ்பிரிங் டென்ஷனர் உண்டு. அதற்கு முந்தைய வண்டியென்றால் கேஜ் இல்லாமல் தொடாதீர்கள். கட்டைவிரலால் முறுக்கிப் பார்த்து 'சரிதான்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இறுக்கம் கூடினால் வாட்டர் பம்ப் பேரிங் போகும், குறைந்தால் பல் தாண்டும். வால்வு விஷயத்தில் அப்படிப் பந்தயம் வைக்க எனக்கு மனம் வராது.

இன்னொரு செலவு, "பிரித்ததுதான் பிரித்தோம்" என்று சேர்ந்துகொண்டே போவது. வாட்டர் பம்ப் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதை மாற்றாமல் மூடுவது வீண். முன்பக்க சீல்கள், எல்லா ரோலர்களும் அப்படியே. நான் வாங்கும்போது என் வண்டியின் கோப்பில் பெல்ட் மாற்றியதாக ஒரு கடையின் பில் இருந்தது. திறந்து பார்த்தால் பெல்ட் மட்டும் புதிது. ரோலரை விரலால் சுழற்றினேன், உள்ளே மணல் அரைபடுவது போல் கரகரத்தது. அந்த ரோலர் இறுகியிருந்தால் புது பெல்ட்டும் சேர்ந்து போயிருக்கும். பில்லில் 'பெல்ட்' என்று இருந்தால் 'ரோலர்' என்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

புது பெல்ட் போட்டு 3,000 கிலோமீட்டர் ஓடியதும் இழுப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். கவனமாக வைத்திருப்பவர்கள் 48,000 கிலோமீட்டர் அல்லது நான்கு வருடம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றிவிடுகிறார்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் வருடக் கணக்கு நிற்காது.

வீட்டு வேலை யாருக்குப் பொருந்தும்: கராஜ் இருப்பவர், பனிக்காலம் முழுக்க வண்டியைத் தொடத் தேவையில்லாதவர், இந்த வண்டியைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறவர். ஒரே ஒரு தடவைக்காகக் கருவி வாங்கினால் கடைக்கும் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. இரண்டாவது தடவைதான் மிச்சம்.

## தனிக் கடை

இந்த வண்டியையே தொழிலாகச் செய்யும் சிறிய கடைகளைச் சொல்கிறேன். கம்பெனி ஷோரூமில் இன்றைக்கு இந்த எஞ்சினைத் தினமும் தொட்ட கை இருப்பது அபூர்வம்.

கடைக்குப் போக வேண்டிய வேலை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது கிளட்ச். இந்த வண்டியில் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், இரண்டுக்கும் நடுவே ஒரு நீளக் குழாய்க்குள் சுழலும் ஷாஃப்ட். எடை முன்னும் பின்னும் சமமாக விழுவதற்கும், வளைவில் வண்டி அவ்வளவு அழகாகத் திரும்புவதற்கும் இந்த அமைப்புதான் காரணம். கிளட்ச் டிஸ்கைத் தொடவேண்டுமானால் எக்ஸாஸ்டை இறக்கி, கியர்பாக்ஸைப் பின்னால் எடுத்து, குழாயை நகர்த்தி, பெல்ஹவுசிங்கைக் கழற்றியாக வேண்டும். டர்போவின் பழைய டிஸ்கில் நடுவே ரப்பர் மையம் உண்டு, வயதானால் அது பிய்ந்துபோகும். முதலில் சொன்ன அந்த 'டொக்' தட்டல் பெரும்பாலும் அதுதான்.

லிஃப்ட் உள்ள கடைக்கே இது 12 மணி நேரத்துக்குக் குறையாத வேலை. வீட்டில் ஜாக் ஸ்டாண்டில் வைத்து, மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேலே கியர்பாக்ஸை இறக்குவது என்றால் இங்கே தவறினால் உடைவது பாகம் அல்ல. செய்தவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன், கேட்கிறவர்களையும் செய்ய விட மாட்டேன்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், கடைக்காரர் சொல்லும் தொகை எல்லா போல்ட்டும் கழன்று வரும் என்ற நம்பிக்கையில் சொல்வது. உப்பில் ஓடின வண்டியில் எக்ஸாஸ்ட் ஸ்டட் உடையும், உடைந்ததைத் துளைத்து எடுக்க மணிக்கூலி ஏறும். பெல்ஹவுசிங்கின் மேலே ஃப்ளைவீலைப் பார்த்து இரண்டு சென்சார் உட்கார்ந்திருக்கும். கிளட்ச்சுக்காக அவற்றை எடுத்தே ஆக வேண்டும். முப்பது வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும். திரும்ப மாட்டும்போது சென்சாருக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும், தவறினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. என் வண்டியில் மூன்று ஸ்டட்டும் இரண்டு சென்சாரும் போயின. பில், சொன்னதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வந்தது. உடைந்த ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினார்கள், ஏமாற்றவில்லை. சொன்ன தொகைக்கு மேல் பாதி கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

காத்திருப்பும் செலவுதான். நல்ல கடையில் வரிசை நீளம். ஏப்ரலில் ஓட வேண்டுமென்றால் அக்டோபரில் பேச வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பெல்ட் இழுப்பை எதை வைத்து அளப்பீர்கள்?" கேஜை எடுத்துக் காட்டினால் உட்கார்ந்து பேசுங்கள்.

## வேறு எஞ்சின்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பொருந்தும் நிலைமைகள் குறைவு. டர்போ இல்லாத 944-ன் எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வட அமெரிக்காவுக்கு வந்த அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 9.5 அல்லது அதற்கு மேல், டர்போவுடையது 8.0. பிஸ்டன் வேறு, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வேறு. அதைத் தூக்கி இதில் வைத்து டர்போவை மாட்டிவிட முடியாது. டர்போ எஞ்சினே கிடைத்தாலும் அதன் பெல்ட், சீல், ராட் பேரிங் (பிஸ்டனின் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) எல்லாம் உங்கள் எஞ்சினின் வயதுதான். தெரியாத ஒன்றைக் கொடுத்துத் தெரியாத இன்னொன்றை வாங்குகிறீர்கள்.

நண்பர் வாங்கிய எஞ்சினின் ஆயில் பாத்திரத்தை இறக்கியபோது இரண்டாம் நம்பர் ராட் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. இந்த எஞ்சினில் ஆயில் பற்றாக்குறை முதலில் கடிப்பது அந்த இரண்டாம் பேரிங்கைத்தான். மாட்டும் முன் பார்த்தது அவர் அதிர்ஷ்டம்.

எஞ்சினை முழுக்கப் புதுப்பிக்க நினைத்தால் பிளாக் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டருக்குள் இரும்பு லைனர் கிடையாது. சிலிக்கன் கலந்த அலுமினிய வார்ப்பிலேயே பிஸ்டன் ஓடுகிறது. சாதாரண இரும்பு பிளாக்கைத் தீட்டுவது போல் தீட்டினால் அந்தப் பரப்பு கெட்டுவிடும். இதைச் செய்து பழகிய மிஷின் கடையைக் கண்டுபிடித்த பிறகு எஞ்சினை இறக்குங்கள். இறக்கிவிட்டுத் தேடாதீர்கள்.

பிளாக்கே உடைந்திருந்தாலோ, சிலிண்டர் சுவரில் ஆழமாகக் கீறியிருந்தாலோ வேறு எஞ்சின் நியாயம். பெல்ட் அறுந்து வால்வு மட்டும் வளைந்திருந்தால் ஹெட்டைச் சரிசெய்வதே மேல்.

## வேலை வாரியாக

உண்மையில் யாருக்கும் ஒரே பதில் வராது. ஒரே வண்டியில் சில வேலை வீட்டில், சில வேலை கடையில்.

| வேலை | தவறினால் போவது | ஸ்டார்ட் பண்ணும் முன் சரிபார்க்க வழி | எங்கே |
|---|---|---|---|
| பெல்ட், ரோலர், வாட்டர் பம்ப் | வால்வுகள் | கையால் இரண்டு சுற்று | வீடு |
| பெட்ரோல் ஹோஸ் | தீ | பம்ப்பை மட்டும் ஓடவிட்டுக் கசிவு பார்க்கலாம் | வீடு, எல்லாவற்றுக்கும் முதலில் |
| வேக்குவம் ஹோஸ் | பூஸ்ட் குறையும் | ஒவ்வொன்றாகக் கையால் பார்க்கலாம் | வீடு |
| ஆயில் கூலர் சீல் | ஆயில் கூலன்ட்டில் கலக்கும் | ஓடின பிறகே தெரியும் | பொறுமைசாலிக்கு வீடு |
| ராட் பேரிங் | கிராங்க், பிளாக் | இடைவெளியை அளக்கலாம், உள்ளே விழுந்த தூசியை அளக்க முடியாது | முதல் தடவை கடை |
| ஹெட் கேஸ்கெட் | திரும்பவும் கசியும் | ஹெட் சமமா என்று மிஷின் கடை பார்க்க வேண்டும் | கழற்றுவது வீடு, தீட்டுவது கடை |
| டர்போ மாற்றம் | டர்போ பேரிங் | எரியவிடாமல் சுற்றி ஆயில் பிரஷரைப் பார்க்கலாம் | புதுப்பிப்பது கடை, மாட்டுவது வீடு |
| கிளட்ச் | கீழே படுத்திருப்பவர் | இல்லை | கடை |

மூன்றைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக.

பெட்ரோல் ஹோஸ்: வண்டி வாங்கிய முதல் வாரமே மாற்றுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரின் ரிலேயைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு சிறிய ஒயரால் இணைத்தால் எஞ்சின் ஓடாமலே பெட்ரோல் பம்ப் ஓடும். ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் தெரிந்துவிடும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். அந்த ரிலேயின் உள்ளே ஈயப்பற்று விரிசல் விட்டு வண்டி நடுரோட்டில் நிற்பது இந்த மாடலின் பழைய நோய். புதிதாக ஒன்றை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள்.

ஆயில் கூலர் சீல்: கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் மோர்க்குழம்பு மாதிரி பழுப்புக் களி. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதறி ஹெட்டைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்ட்டைவிட அதிகம். அதனால் இந்த சீல் போனால் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும். முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சீல் சில டாலர், வேலை ஒரு நாள். அந்தக் களியைக் கழுவி எடுக்கத்தான் திரும்பத் திரும்பத் தண்ணீர் நிரப்பி வடிக்க வேண்டியிருக்கும்.

டர்போ: எஞ்சினை அணைத்ததும் காது கொடுத்துக் கேளுங்கள். அரை நிமிடம் போல ஒரு மெல்லிய 'ம்ம்ம்' சத்தம் வர வேண்டும். டர்போவைக் குளிரவைக்கும் சின்ன எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் அது. சத்தம் வரவில்லையென்றால், எங்கே வேலை கொடுப்பது என்ற யோசனைக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் எந்தக் கடை மாட்டிய டர்போவும் நிலைக்காது. டேஷ்போர்டின் பூஸ்ட் முள்ளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவதால், எஞ்சின் நிற்கும்போதே 1-ல் நிற்கும், முழு பூஸ்ட்டில் 1.7-ஐ ஒட்டி ஏறும். 1.4-லேயே நின்றுவிட்டால் புது டர்போ வாங்க ஓடாமல் வேக்குவம் ஹோஸ்களையும் வேஸ்ட்கேட்டையும் (மிகுதி எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாமல் விலக்கும் வால்வு) பாருங்கள்.

## கேட்ட மூவருக்கும் சொன்னது

முதலாமவருக்கு இரட்டைக் கராஜ், இன்னொரு வண்டியும் உண்டு. பெட்ரோல் ஹோஸ், பெல்ட், பம்ப் எல்லாம் இந்தப் பனிக்காலத்தில் அவரே செய்யட்டும், கிளட்ச்சுக்கு இப்போதே கடையில் நாள் கேட்டு வைக்கட்டும் என்றேன். இரண்டாமவர் அடுக்குமாடியில் இருக்கிறார், வண்டி நிலத்தடிப் பார்க்கிங்கில். அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. எல்லாமே கடைதான். ஆனால் பெல்ட்டையும் கிளட்ச்சையும் ஒரே தடவையில் கொடுக்கச் சொன்னேன், ஃப்ளைவீல் பக்கம் எப்படியும் திறக்கத்தான் போகிறார்கள்.

மூன்றாமவர் எஞ்சின் மாற்றவே முடிவு செய்துவிட்டு வந்தார், ஆயில் கசிகிறது என்பதற்காக. சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்தோம், நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்தோம், செம்புத் துகள் இல்லை. கசிவு முன்பக்க சீலிலிருந்து வருகிறது, அதுவும் பெல்ட் வேலையோடு சேர்ந்தே முடியும். வண்டியை அவர் வேறு ஊரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பெல்ட் பில் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்ட வேண்டாம் என்றேன். டோ வண்டி வந்து அவரது 944-ஐ ஏற்றிக்கொண்டு போனது.